எளிய ஊழியனுக்குப் பத்தடி பிளெக்ஸ்

வாங்க பிரதர், வாங்க. திண்ணையில உக்காருங்க. என்ன முழிக்கிய? போன வருசம் வரைக்கும் "மாமா, மாமா"ன்னு என் வேட்டித் தலைப்பைப் பிடிச்சிக்கிட்டு அலைஞ்ச பயதான நீ. அந்த உபவாசக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்த நாள்ல இருந்து நான் உனக்குப் பிரதர், உன்னைப் பெத்தவ உனக்கு சிஸ்டர். என் தங்கச்சி நேத்து வந்து மூக்கைச் சிந்துதா. "அண்ணே, புள்ள திருந்திட்டான்னு சந்தோசப்பட்டேன், அவன் 'சிஸ்டர், தோசை ரெடியா'ன்னு கேக்கான்"ங்கா. "விடு தாயி, சிஸ்டர்மாருக்குத் தோசை சுடுத ஊழியம் கிடையாதுன்னு சொல்லிப்போடு, சாயங்காலத்துக்குள்ள அம்மான்னு வந்து நிப்பான்"ன்னு சொல்லி அனுப்பினேன்.

பஸ் நிறுத்தத்துல உன் பிளெக்ஸையும் பாத்தேன். ஆளு நல்லாத்தான் இருக்க. இந்தச் சித்திரை வெயில்ல கோட்டு மாட்டிக்கிட்டுச் சிரிக்கணும்னா அதுக்கே தனியா ஒரு வரம் வேணும். பத்தடி உயரம் இருக்குமா? கீழ "கர்த்தரின் எளிய ஊழியன்"ன்னு போட்டிருக்கு. அந்த 'எளிய' மட்டும் ஒண்ணரை அடி. கர்த்தர் எங்கன்னு தேடினேன். மூலையில, பிரிண்டிங் பிரஸ் காரன் போன் நம்பருக்குப் பக்கத்துல, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தாரு. "நான் வைக்கலை, பிள்ளைங்க ஆசைப்பட்டு வச்சாவ"ங்கப்போற. சரி. பிள்ளைங்களுக்குப் போட்டோ யாரு குடுத்தா?

கோவப்படாத மருமவனே. கோவம் ஆவியின் கனியில வராது. நீ ஒம்பதையும் மனப்பாடம் பண்ணியிருப்ப.

போன ஞாயித்துக்கிழமை சாட்சி சொன்ன பாரு, கோயிலே உருகிப் போச்சு. "நான் ஒரு புழு, பாவிகள்ல பெரிய பாவி, எனக்கு ஒரு தகுதியும் இல்லை"ன்னு குரல் கம்மச் சொன்ன. முன் பெஞ்சு அம்மாமாரு எல்லாம் முந்தானையால கண்ணைத் தொடச்சாவ. ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும் நான் உன் தோளைத் தட்டி, "மருமவனே, நீ சொன்னது அத்தனையும் வாஸ்தவம். கோயில் தோப்புத் தென்னையில ஏறி ரெண்டு குலையைத் தள்ளி, கிழக்க கொண்டு போய் வித்துட்டு, பழியைக் காவக்காரன் மேல போட்டியே, எனக்கு நல்லா நினைவிருக்கு"ன்னேன். உன் மூஞ்சி போன போக்கு! புழுன்னு நீ சொல்லிக்கிடலாம், மாமன் ஆமான்னு தலையாட்டப்படாதா? மொத்தமாப் பாவின்னு சொல்லுதது ரொம்பச் சுளுவு, மருமவனே. கைத்தட்டு கூட விழும். இன்ன மரத்துல இன்ன குலைன்னு சொல்லி அந்தக் காவக்காரன் வீட்டு வாசல்ல போய் நிக்கப்பாரு, ஒரு அம்மாவும் முந்தானையைத் தேட மாட்டா. அவன் இன்னும் உசிரோடதான் இருக்கான். தெக்குத் தெருவுல, வேப்பமரத்து வீடு.

சரி, நீ பெரிய ஆளா வரணும்னு நிக்க. தப்பில்லை. எனக்குத் தெரிஞ்ச சங்கதியைச் சொல்லுதேன், வருசத்தோட சொல்லுதேன், நோட்டுல எழுதிக்கோ. அடுத்த கூட்டத்துல உனக்கே வெளிப்பட்ட மாதிரி எடுத்து விடலாம். நான் எங்கயும் வந்து சாட்சி சொல்ல மாட்டேன்.

எகிப்து தேசத்துல ஸ்கேத்திஸ்னு ஒரு வனாந்தரம். இப்போ வாதி நத்ரூன்னு பேரு. நாலாம் நூற்றாண்டுல அங்க மக்காரியுன்னு ஒரு சாமியாரு இருந்தாரு. ஒருநாள் அவரு ஓலை சுமந்துக்கிட்டு வாராரு, வழியில சாத்தான் கையில அரிவாளோட மறிக்கான். வெட்டப் பாக்கான், முடியலை. அப்போ அவனே நொந்து போய்ச் சொல்லுதான்: நீ செய்யுதது எல்லாம் நானும் செய்யுதேன், நீ அப்பப்போ உபவாசம் இருக்க, நான் சாப்பிடுததே கிடையாது, நீ சில ராத்திரி முழிக்க, நான் கண்ணை மூடுததே கிடையாது, ஒண்ணே ஒண்ணுலதான் உன்கிட்ட தோத்தேன், அது உன் தாழ்மைன்னு. ஆக, உபவாசத்துல உனக்கு முன்ன ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினவன் யாருன்னு தெரியுதா? நீ லெந்து நாள் 40ன்னு கணக்குச் சொல்லுத. அவன் ஆதியில இருந்து பட்டினி.

உபவாசம் வேண்டாம்னு சொல்ல வரலை. இரு, நல்லா இரு. இருந்துட்டு ஸ்டேட்டஸ்ல போடாத. போட்டாலும் கன்னம் ஒட்டின போட்டோவைத் தேடித் தேடிப் போடாத.

அதே வனாந்தரத்துல யோவான்னு ஒருத்தரு இருந்தாரு. ஆளு குட்டை. அதனால குள்ள யோவான்னே பேரு நின்னு போச்சு. வாலிபத்துல அவருக்கும் உன் வியாதிதான். அண்ணனும் தம்பியுமா ஒரே குடிசையில இருந்தாவ. ஒருநாள் தம்பி, "நான் தேவதூதரு மாதிரி வேலை வெட்டி ஒண்ணும் இல்லாம சதா ஆராதனை பண்ணப் போறேன்"ன்னு துணியைக் கழத்திப் போட்டுட்டு வனாந்தரத்துக்குள்ள நடந்துட்டாரு. அண்ணன் ஒண்ணும் பேசலை. ஒரு வாரம் போச்சு. ராத்திரி கதவைத் தட்டுத சத்தம். "யாரது?" "நான்தான், உன் தம்பி யோவான்." "யோவானா? அவன் தேவதூதனா ஆயிட்டானே, இப்போ மனுசருக்குள்ள அவன் கிடையாதே"ன்னு சொல்லிட்டு அண்ணன் திரும்பிப் படுத்துட்டாரு. தம்பி எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாரு. விடிஞ்ச பொறவுதான் கதவு திறந்தது. "நீ மனுசந்தான்னா, சாப்பாட்டுக்கு வேலை செய்யணும், தம்பி"ன்னாரு அண்ணன். தம்பி கீழ விழுந்து மன்னிப்புக் கேட்டாரு. பொறவு அவரு பெரிய ஞானி ஆனாரு, அது வேற கதை. எனக்கு அந்த அண்ணனைத்தான் ரொம்பப் பிடிக்கும். கதவைச் சாத்துததுக்கும் ஒரு அன்பு வேணும். உன் அம்மைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

இத்தாலியில, ஆறாம் நூற்றாண்டுல, பெனடிக்ட்டுன்னு ஒருத்தரு மடத்துக்குச் சட்டம் எழுதினாரு. அதுல ஏழாம் அதிகாரம் முழுக்கத் தாழ்மைதான். 12 படின்னு பிரிச்சிருக்காரு. பாரு, உன் கண்ணு விரியுது. நாம எத்தனாவது படின்னு மனசுக்குள்ள எண்ணுத. எண்ண ஆரம்பிச்ச உடனே சறுக்கி ஒண்ணாம் படிக்கு வந்துட்ட, போ.

இப்போ நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். கோயில் அசன விருந்துக்கு டோக்கன் போடணும், ஒழுங்கா கோயிலுக்கு வாரவனுக்கு மட்டும்தான் பந்தின்னு கமிட்டியில சொல்லணும், அதுக்கு இந்தக் கிழவன் கையெழுத்து வேணும். யாரை மனசுல வச்சிச் சொல்லுதங்கிறதும் தெரியும். அந்த மேட்டுத்தெரு டெய்லர். குடிகாரன். கோயில் பக்கம் அசனத்துக்கு மட்டும் வருவான். வந்து முதல் பந்தியில உக்காருவான். நாலு பேரு சோத்தைத் தின்னுட்டு, தூக்குவாளியில வீட்டுக்கும் வாங்கிட்டுப் போவான். அதுவும் குழம்புல கறி பாத்து ஊத்தச் சொல்லுவான்.

மருமவனே, நீ அசனத்தை எப்பவாவது கிட்ட நின்னு பாத்திருக்கியா? சாப்பிட்டிருப்ப. பாத்திருக்க மாட்ட. ராத்திரியே அடுப்பு வெட்டி, அண்டா ஏத்தி, விடியுததுக்குள்ள சோத்தை வடிச்சு ஓலைப்பாயில தட்டுவாவ. ஆவி மேல போகும், பாய் மணமும் சோத்து மணமும் சேந்து வரும். ஒருத்தன் நேந்த கெடா, ஒருத்தன் தந்த அரிசி மூடை, ஒருத்தி சுருக்குப் பையில இருந்து எடுத்துக் குடுத்த பத்து ரூவா, எல்லாம் ஒரே அண்டாவுலதான் கிடந்து கொதிக்கும். கரண்டிக்காரன் குனிஞ்சு ஊத்தும்போது இலையைத்தான் பாப்பான், மூஞ்சியைப் பாக்க அவனுக்கு நேரம் ஏது? கெடா குடுத்தவன் இலையில எட்டி எட்டிப் பாக்கான், தன் கெடாவோட தொடைக்கறி தனக்கு வந்துதான்னு. பக்கத்துல டெய்லருக்கு நல்லியே விழுந்து கிடக்கு. நம்ம வேதாகமத்துல கிருபை கிருபைன்னு எத்தனையோ இடத்துல இருக்கு, எனக்கு அது விளங்கினது அந்த நல்லி எலும்புலதான்.

நீ அதுக்கு டோக்கன் அடிக்கணும்ங்க.

பரிசேயன் கதை உனக்குத் தெரியும். ஆலயத்துல நின்னு, வாரத்துக்கு ரெண்டு நாள் உபவாசம், வருமானத்துல பத்துல ஒண்ணு காணிக்கைன்னு கணக்கு வாசிச்சானே, அவன்தான். ஒண்ணு கவனிச்சியா? அவன் சொன்னதுல ஒண்ணு கூடப் பொய்யில்லை. செஞ்சதைத்தான் சொன்னான். ஜெபத்தையும் ஸ்தோத்திரத்தோடதான் தொடங்கினான். நம்ம கமிட்டித் தேர்தல்ல நின்னிருந்தா நாம அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்போம். அதே ஆலயத்துக்கு வந்த ஆயக்காரன் யாரு? ரோமாக்காரனுக்கு வரி வசூலிச்சு, மேல தனக்கும் சுருட்டினவன். நம்ம ஊருக் கந்துவட்டிக்காரன்னு வையி. அவன் தூர நின்னு மாருல அடிச்சிக்கிட்டான், நீதிமானா வீட்டுக்குப் போனான். இதைப் பிரசங்கத்துல கேட்ட உடனே நாம எல்லாம் நைசா நகந்து ஆயக்காரன் பக்கத்துல போய் நின்னுக்கிடுதோம். "ஆண்டவரே, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை, ஸ்தோத்திரம்"ன்னு வீட்டுக்கு வாரோம். கள்ளத்தனம் எப்படித் திரும்பி வந்து உக்காருது பாரு.

பெலேஜியுன்னு பிரிட்டன் தேசத்துல இருந்து ரோமாபுரிக்கு வந்த துறவி ஒருத்தரு இருந்தாரு. நல்ல மனுசன், ஒழுக்கசாலி. மனுசன் மனசு வச்சா பாவமில்லாம வாழலாம்னு போதிச்சாரு. பேராயர் அகஸ்தீன் ஒத்துக்கிடலை. நல்லதுன்னு மனசு வைக்கிறதுக்கே முதல்ல கிருபை வேணும்னாரு. சண்டை முத்தி, 418ல கார்த்தேஜ்ல சங்கம் கூடி பெலேஜியு போதனையைத் தள்ளிச்சு. சங்கம் தள்ளினா என்ன, நாம விடுவோமா? ஞாயித்துக்கிழமை பாட்டுல எல்லாம் கிருபை. திங்கக்கிழமை அடுத்தவன் குடியைப் பத்திப் பேசும்போது "மனசு வச்சா விட்டுரலாம், அவனுக்குத் திமிரு". நமக்கு வாய்க்கும்போது கிருபை, அவனுக்கு வாய்க்காதபோது திமிரு.

நாகமானை எடுத்துக்கோ. சீரியா ராஜாவோட படைத்தலைவன். குஷ்டரோகம். அவன் வீட்டுல பிடிச்சிக்கிட்டு வந்த ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்காரி, அது சொல்லித்தான் எலிசான்னு ஒரு தீர்க்கதரிசி இருக்கிறதே அவனுக்குத் தெரியும். வந்தான் பாரு ஒரு வரத்து! 10 தாலந்து வெள்ளி, 6000 பொன், 10 மாத்து உடுப்பு. 10 தாலந்துன்னா 300 கிலோவுக்கு மேல வெள்ளி, மருமவனே. குதிரையும் ரதமுமா எலிசா வீட்டு வாசல்ல வந்து நிக்கான். தீர்க்கதரிசி வெளிய வந்து நின்னு, கர்த்தர் பேரைச் சொல்லி, கையால தடவிச் சொகமாக்குவாருன்னு பாத்தான். அவரு வெளியவே வரலை. ஆள் விட்டு, யோர்தான்ல போய் ஏழு தரம் முழுகுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. தலைவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துது. எங்க தமஸ்குல ஆப்னா இருக்கு, பர்பார் இருக்கு, இந்தக் கலங்கல் தண்ணியிலயா முழுகணும்னு திரும்பிட்டான். அப்போ கூட வந்த வேலைக்காரங்கதான் பக்குவமாச் சொன்னாவ: ஐயா, பெரிய காரியமாச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பியளே, குளின்னுதான சொல்லுதாருன்னு.

அந்த வேலைக்காரங்களுக்குத்தான் என் ஓட்டு. பெரிய காரியம்னா நாகமான் செஞ்சிருப்பான். மலை ஏறச் சொன்னா ஏறியிருப்பான், நூறு கெடா வெட்டச் சொன்னா வெட்டியிருப்பான். ஊருக்குப் போய்ச் சொல்லுததுக்கு ஒரு கதை கிடைக்கும் பாரு. சும்மா முழுகி எந்திரிச்சா என்னத்தைச் சொல்ல? அதுவும் ஒருதரம் இல்லை, ஏழு தரம். மூணாவது தரம் முழுகி எந்திரிச்சு, கையைப் பாத்து, ஒண்ணும் மாறலைன்னு கரையில நிக்கவனுக்கு முன்னால நிக்கும்போது எப்படி இருந்திருக்கும்? உடுப்பெல்லாம் கரையில. படைத்தலைவனும் குதிரைக்காரனும் தண்ணிக்குள்ள ஒண்ணுதான். சொகமாச்சு. திரும்பி வந்து வெள்ளியை நீட்டினான். எலிசா ஒரு துட்டு வாங்கலை. அவரோட வேலைக்காரன் கேயாசிதான் பின்னால ஓடிப் போய், பொய் சொல்லி, ரெண்டு தாலந்து வாங்கினான். இலவசமாக் குடுத்ததுக்குப் பில்லு போட்டான். நாகமானோட ரோகம் அவனுக்கு வந்து ஒட்டிக்கிட்டுது. டோக்கன் அடிக்கப் போறவன் அந்த அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் வாசிச்சிரணும்.

"டெய்லரு ரெண்டு தரம் கூட்டத்துல கையைத் தூக்கி மனந்திரும்பிட்டேன்னு சொன்னான், ரெண்டு தரமும் திரும்பக் குடிச்சான்"ங்க. ஆமா, குடிச்சான். நீ சாயங்கால ஆராதனையில கிடாரை வச்சிக்கிட்டு, கண்ணை மூடி 'அமேசிங் கிரேஸ்' பாடுதியே, அதை எழுதினவன் கதை தெரியுமா? ஜான் நியூட்டன். அடிமைக் கப்பல்காரன். 1748ல அட்லாண்டிக்கில புயல்ல மாட்டி, கப்பல் உடைஞ்சு தண்ணி ஏற, ஆண்டவரைக் கூப்பிட்டான். தப்பிச்சான். மறுநாளே அடிமை யாவாரத்தை விட்டுட்டான்னுதான நினைச்சிருக்க? விடலை. அதுக்குப் பொறவுதான் அவன் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனான். மேல்தட்டுல மாலுமிகளைக் கூட்டி வச்சு ஜெபம் வாசிச்சான். கீழ்த்தட்டுல மனுசரு சங்கிலியில கிடந்தாவ. 1754ல உடம்புக்கு முடியாம விழுந்துதான் கடலை விட்டான், மனசாட்சியினால இல்லை. பொறவு ஆல்னின்னு ஒரு ஊருல குருவானவரா இருந்து, 1773 புது வருச ஆராதனைக்கு அந்தப் பாட்டை எழுதினான். அப்போ கூட அடிமை யாவாரத்தைப் பத்தி ஊரறிய வாயைத் திறக்கலை. 1788லதான், தான் செஞ்சதுக்கு வெக்கப்பட்டு, அந்த யாவாரத்தை எதுத்துப் புத்தகம் போட்டான். புயல் அடிச்சு நாப்பது வருசம்.

கிருபை அவசரப்படலை. சங்கிலியில கிடந்தவங்களுக்கு அந்தத் தாமதம் எவ்வளவு கொடுமைன்னு நினைச்சா எனக்கு அந்த ஆளு மேல இன்னும் கோவம் வருது, அதை மறைக்க மாட்டேன். அதுக்காக அந்தப் பாட்டை விடவும் முடியலை. கண்ணு தெரிஞ்சிட்டுன்னு பாடினவனுக்கே நாப்பது வருசமாக் கீழ்த்தட்டு தெரியலை. உனக்கு எது தெரியலையோ, எனக்கு எது தெரியலையோ. டெய்லருக்காவது தான் குடிக்கிறது தெரியும்.

இன்னொண்ணு. நம்ம அறுப்பின் பண்டிகை ஏலத்துல போன தடவை ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூவாய்க்கு எடுத்தியே. பேரை மைக்குல மூணு தரம் வாசிச்சாவ. எலுமிச்சைக்கே அன்னைக்குக் கூச்சமாப் போயிருக்கும். கல்லறைத் தோட்டத்துலயும் இப்போ கிரானைட்டுப் போட்டிதான். செத்தவன் பேரு சின்னதா, கல்லு வச்சவன் பேரு பெரிசா. களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்கு ஒருதரம் போயிட்டு வா. ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல இந்தியாவுக்கு வந்தாவ. திரும்ப அயர்லாந்துக்கே போகலை. 1931ல கீழ விழுந்து அடிபட்டு, கிட்டத்தட்ட 20 வருசம் அறையோடயே கிடந்து, 1951ல போய்ச் சேந்தாவ. எத்தனையோ பிள்ளைகளை வளத்தவங்க, எத்தனையோ புத்தகம் எழுதினவங்க. கல்லறைக்குக் கல்லு வைக்கப்படாதுன்னு சொல்லிட்டாவ. பிள்ளைங்க மனசு கேக்காம, பறவை தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வச்சு, தாங்க கூப்பிட்ட பேரை மட்டும் அதுல போட்டாவ. நீ போனா, தொட்டி பக்கத்துல நின்னு செல்பி எடுத்து, "தாழ்மையைத் தேடி"ன்னு போடாத. உன்னை எனக்குத் தெரியும்.

கெட்ட குமாரன் கதையில, திரும்பி வந்த சின்னவனுக்காகக் கொழுத்த கன்னை அடிச்சு விருந்து நடக்கு. மூத்தவன் வயல்ல இருந்து வாரான், ஆட்டம் பாட்டு கேக்குது, உள்ள போக மாட்டேன்னு வாசல்ல நின்னுக்கிட்டான். இத்தனை வருசம் உழைச்சேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி உண்டுமாங்கான். நியாயமான கேள்விதான், நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். அப்பனும் வெளிய வந்து கெஞ்சுதாரு. சின்னவனுக்கு ஓடிப் போனவரு, பெரியவனுக்கும் வாசலைத் தாண்டி வாராரு. உள்ள போனானா இல்லையான்னு எழுதலை. பந்தியில டோக்கன் கேட்டது யாருன்னு மட்டும் தெளிவா இருக்கு.

கையெழுத்தா? பேனா எங்கயோ வச்சிட்டேன். கண்ணாடியும் காணலை. வயசாயிட்டு.

ஒரு உபகாரம் செய்யி. சனிக்கிழமை ராத்திரி அசனத்துக்குச் சின்ன உள்ளி உரிக்க ஆள் வேணும். மூடை கணக்குல கிடக்கு. பெண்டுகளை மட்டும் நம்பினா விடிஞ்சிரும். கோட்டைக் கழத்தி வச்சிட்டு ஒரு அரிவாள்மணையைத் தூக்கிட்டு வா. மைக்கு கிடையாது, போட்டோ எடுக்க வெளிச்சமும் பத்தாது. டெய்லரு வருவான். வருசா வருசம் வாரான், உனக்குத் தெரியாது, நீ அந்நேரம் கூட்டத்துல இருப்ப. ஊசி பிடிச்ச கை, நீ ஒண்ணு உரிக்கதுக்குள்ள அவன் நாலு உரிச்சிருவான். அவன் பக்கத்துலயே உனக்குப் பலகை போடச் சொல்லுதேன். கண்ணீரோட ஜெபிக்கணும், கண்ணீரே வரமாட்டேங்குதுன்னு போன மாசம் வருத்தப்பட்டியே, மருமவனே. முதல் கூடை முடியுததுக்குள்ள வந்துரும்.